பண்டிகைக் குழந்தைப் படத்துக்கு ஒரு வேட்டியும் ஒரு ஜன்னலும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ண ஜெயந்தியை ஒட்டித் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் வாசகர் வீட்டுக் குழந்தைகளின் கண்ணன் வேடப் படங்கள் வந்திருந்தன. பிள்ளைகள் அத்தனை பேரும் அழகு. படங்கள்தான் பாதிக்கு மேல் இருண்டும் மங்கியும் மஞ்சளடித்தும் கிடந்தன. அவற்றில் தெரிந்த கிரீடமும் ஜிகினாத் துணியும் பிளாஸ்டிக் தோரணமும் காசு கொடுக்காமல் வந்திருக்காது. காசு போன இடம்தான் தப்பு. எங்களில் ஒருவர் பாளையங்கோட்டையில் ஒளிப்படம் எடுப்பவர். மற்றவர் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியர். தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசையாக வரப்போவதால், கையில் இருக்கும் செல்போனை வைத்து, 300 ரூபாய்க்குள், குழந்தைக்கு எந்த உபத்திரவமும் இல்லாமல் வீட்டிலேயே படம் எடுக்கும் முறையைத் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறோம். கடிதம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் நாள். பண்டிகையன்று படம் எடுக்காதீர்கள். அன்றைக்கு வீடு நிறைய ஆள், அடுப்படியில் புகை, புதுத்துணியின் உறுத்தல், தூக்கம் கெட்ட குழந்தை. அதற்கு மேல் வேடத்தையும் போட்டால் அழுகைதான் மிச்சம். நாலைந்து நாள் முன்பே எடுத்துவிட்டால் பண்டிகை காலையில் உறவுக்காரர்களுக்கு அனுப்பப் படம் தயாராக இருக்கும். ஒரு நாள் சரிப்படாவிட்டால் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு மட்டும் கரும்பும் மஞ்சள் குலையும் சந்தைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்து வெளிச்சம். காலை 8 முதல் 10 வரை, மாலை மூன்றரை முதல் 5 வரை. வீட்டில் எந்த ஜன்னல் வழியாக வெயில் நேரே விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிறதோ, அதுதான் உங்கள் ஸ்டுடியோ. வடக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் யோகம். கிழக்கு ஜன்னல் மட்டுமே உள்ள வீட்டில் மாலையிலும், மேற்கு ஜன்னல் உள்ள வீட்டில் காலையிலும் எடுங்கள். வெயில் நேரே விழுந்தால் ஜன்னல் கம்பிகளின் நிழல் குழந்தையின் முகத்தில் கோடு கோடாக விழும். அப்போது மெல்லிய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் கட்டினால் நிழல் கரைந்துவிடும். பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) ஜன்னல் சிறிதாக இருந்தால் வாசல் கதவைத் திறந்து, நிலைப்படிக்கு உள்ளே மூன்றடி தள்ளி உட்கார வைக்கலாம். பழைய வீடுகளில் தார்சா, அதாவது வாசலை அடுத்த முன்கூடம், இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

குழந்தை ஜன்னலிலிருந்து மூன்று அல்லது நாலடி தூரத்தில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துப் போகும். நேரே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் முகம் தட்டையாகத் தெரியும், கண்ணும் கூசும். தள்ளத் தள்ள வெளிச்சம் வேகமாகக் குறையும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் இரண்டடிக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். மேகமூட்டம் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். குழந்தை முகத்துக்கு அதைவிட மென்மையான வெளிச்சம் வருஷத்தில் வேறு எப்போதும் கிடைக்காது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அறையில் உள்ள டியூப் லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி நீலம், மறு பாதி மஞ்சள். அதைப் பிறகு செயலியில் சரிசெய்வது பெரும்பாடு.

ஜன்னல் பக்கம் இல்லாத கன்னம் இருட்டாகத் தெரியும். அந்தப் பக்கம் குழந்தையிலிருந்து இரண்டடியில் ஒரு நாற்காலியை வைத்து, அதன் மேல் வெள்ளை வேட்டியைப் போடுங்கள், அல்லது ஒரு தெர்மோகோல் பலகையைச் சாய்த்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி இருட்டைக் குறைக்கும். நம் ஊர் வீடுகளில் இதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. பச்சை, ரோஸ், வயலட் என்று சுவருக்கு அடித்திருக்கும் வண்ணம் அப்படியே குழந்தையின் தோலில் ஏறும். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் எடுத்த குழந்தை படத்தில் காய்ச்சல்காரக் குழந்தையாகத் தெரியும். வெள்ளைத் துணி நடுவில் நின்றால் அந்தச் சாயம் நின்றுபோகும்.

பின்னணிக்குக் கடையில் விற்கும் அச்சடித்த பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். அது பளபளத்து ஜன்னலை அப்படியே எதிரொளிக்கும். அதில் அச்சாகியிருக்கும் கோபுரமும் மாடும் குழந்தையைவிடப் பெரிதாக நிற்கும். ஒரு எட்டு முழ வேட்டி, அல்லது கரை சிறுத்த ஒற்றை நிறப் பருத்திச் சேலை போதும். அரக்கு, கரும்பச்சை, மண் நிறம் மூன்றும் எல்லாப் பண்டிகைக்கும் ஒத்துப்போகும். பட்டுச் சேலை நேரில் எவ்வளவு அழகானாலும் அதன் மினுமினுப்பு படத்தில் வெள்ளைத் திட்டாக விழும். பட்டு கட்டியே ஆக வேண்டும் என்றால் உள்பக்கத்தைத் திருப்பிக் கட்டுங்கள். துணியை நன்றாக இஸ்திரி போட்டு, மேலே கயிற்றில் துணிக் கிளிப்பால் மாட்டி, கீழே தரையிலும் நாலடி தூரம் படிய விடவேண்டும். சுவரும் தரையும் சேரும் கோடு அப்போதுதான் மறையும். குழந்தைக்கும் பின் துணிக்கும் மூன்றடி இடைவெளி விட்டால் மிச்சமுள்ள சுருக்கம் தானாக மங்கிவிடும். துணியை ஒட்டி உட்கார வைப்பதுதான் எல்லோரும் செய்வது. அதனால்தான் எல்லாச் சுருக்கமும் தெரிகிறது.

கயிற்றை ஜன்னல் கம்பியிலோ ஊஞ்சல் கொக்கியிலோ கட்டுங்கள். பிளாஸ்டிக் குழாயில் சட்டம் செய்து நிறுத்தும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. ஆடி, ஆவணியில் நம் பக்கம் அடிக்கும் மேல்காற்றுக்கு அந்தச் சட்டம் குழந்தை மேலேயே சாயும். காற்று அதிகமாக இருந்தால் துணியின் கீழ் ஓரத்தில் ஒரு கம்பை வைத்துச் சுருட்டி ஊக்கு போட்டுவிடுங்கள். ஊக்கு குழந்தைக்கு எட்டாத பின்பக்கம் இருக்கட்டும்.

செல்போனைப் பற்றி. லென்ஸை முதலில் துடையுங்கள். மங்கலான படங்களில் பாதி அதில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கால் வந்தவை. குழந்தைக்கு அருகே போய் எடுத்தால் நெற்றியும் மூக்கும் பெருத்து, காது சிறுத்துத் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு நெருக்கிக் காட்டும் 2 எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். இல்லாவிட்டால் தள்ளி நின்றே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். தோலை வழவழப்பாக்கும் பியூட்டி வசதியை அணையுங்கள். குழந்தைத் தோலுக்கு மேல் அது எதைச் சேர்க்கப் போகிறது? பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதி மயிலிறகையும் சுருட்டை முடியையும் பாதியில் நறுக்கிவிடும். மூன்றடி இடைவெளி விட்டிருந்தால் அது தேவையும் இல்லை. ஃபிளாஷ் பட்டால் கண் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் குழந்தை திடுக்கிடும், முகம் வெளுக்கும், கண் சிவப்பாக விழும், அதனால் வேண்டாம்.

போனைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். அதாவது நீங்கள் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். நின்ற வாக்கில் எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குச்சியாகவும் வரும். திரையில் முகத்தைத் தொட்டு, விரலை அழுத்திப் பிடித்து, குவியத்தை (ஃபோகஸ்) பூட்டிவிட்டு, வெளிச்ச அளவை மேலும் கீழும் இழுக்கலாம். இங்கே ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி என்று எல்லாமே வெள்ளையாக இருந்தால் போன் அதைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். பின்னணி அரக்கு அல்லது கறுப்பாக இருந்தால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுக்கவைக்கும், சற்றுக் குறையுங்கள். அளவுகளை நாமே மாற்றிக்கொள்ளும் ப்ரோ வசதி உள்ள போனில் ஷட்டர் வேகத்தைக் கைகால் ஆட்டும் குழந்தைக்கு 1/250 நொடி, தூங்கும் குழந்தைக்கு 1/125 நொடி வைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால் பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுங்கள். இருபதில் ஒன்று தேறும். மல்லாக்கப் படுத்திருக்கும் பிள்ளையை மேலிருந்து எடுக்கும்போது போனில் கயிறு போட்டு மணிக்கட்டில் மாட்டியே ஆகவேண்டும். கை வழுக்கினால் கீழே இருப்பது குழந்தையின் முகம்.

இனி வயது. ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, தூங்கும்போது மட்டும் எடுங்கள். கன்னத்தில் கை முட்டுக் கொடுத்துத் தவளை மாதிரி உட்கார வைத்திருக்கும் படங்களைப் பார்த்து வீட்டில் முயலக்கூடாது. பெரும்பாலும் ஒருவர் தலையைப் பிடித்தபடி ஒரு படம், கையைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துப் பிறகு கணினியில் ஒட்டியவை அவை. சும்மா விட்டால் கழுத்து மடிந்து மூச்சு தடைபடும். துணி சுற்றினாலும் நெஞ்சில் இறுக்காமல், கால் மடங்கி விரியும்படி இடுப்புக்குக் கீழே தளர்வாக இருக்க வேண்டும். எடை குறைந்து பிறந்த பிள்ளையையும் குறைமாதப் பிள்ளையையும் உடுப்பில்லாமல் கிடத்தவே கூடாது. உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். மூன்று, நாலு மாதத்தில் குப்புற விழுந்து தலை தூக்கும் நேரம். கண்ணுக்கு நேராக எடுக்க மிகச் சிறந்த பருவம் அதுதான். தானாக உட்காரும் வரை, அநேகமாக ஏழு எட்டு மாதம், தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைக்க வேண்டாம். சரிந்து விழும், அல்லது விழாமலிருக்கப் போராடும் முகமே படத்தில் வரும்.

எந்த வயதானாலும் இடம் தரைதான். கட்டில், திண்ணை, உரல், மேஜை மேல் வைத்த கடகப்பெட்டி எதுவும் வேண்டாம். பெட்டியில் வைக்க ஆசை என்றால் பெட்டி தரையில் இருக்கட்டும். பனையோலை விளிம்பு அறுக்கும்; நாலு மடிப்பு வேட்டியை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி போடுங்கள். ஒரு பெரிய ஆள், ஆச்சியோ அத்தையோ, கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் படத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். படம் எடுப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய எந்தப் பொருளும் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. தெர்மோகோல் உருண்டை, முத்து, ஒட்டுப்பொட்டு, சொப்புச் சாமானின் குட்டி மூடி எல்லாம் இதில் அடக்கம். பித்தளை உருளியில் தண்ணீரும் பூவுமாக மிதக்கவிட்டு உட்கார வைக்கும் மோகம் இப்போது பரவியிருக்கிறது. இரண்டங்குலத் தண்ணீர் ஒரு குழந்தையின் மூச்சை அடைக்கப் போதும்.

பூ விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அரளி கூடாது. செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் நிறத் தங்கரளி எல்லாமே விஷம். இலை, பூ, காய் எதுவும் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. கோயிலுக்கென்று கட்டிய மலிவு மாலையில் அரளி கலந்திருக்கும், பார்த்து வாங்குங்கள். பிச்சியும் மல்லிகையும் அடைத்த அறையில் வாசம் மிஞ்சித் தும்மல் வரவைக்கும். கனகாம்பரம் வாசமில்லாதது, நிறமும் படத்துக்கு எடுப்பு. பூவை ஒருமுறை உதறி, எறும்பு இல்லையென்று பார்த்துப் போடுங்கள்.

இப்போது கண்ணன் வேடம். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன், அதன் மேல் வேடம். ஜரிகை ஓரம் கழுத்தை அறுப்பதால்தான் பாதிக் கண்ணன்கள் அழுகிறார்கள். வாடகை உடுப்பைவிட ஒரு மஞ்சள் துண்டைப் பஞ்சகச்சமாகச் சுற்றி, பழைய பட்டுக்கரையை இடுப்பில் கட்டினால் படம் நன்றாக வரும். அட்டைக் கிரீடத்தின் ரப்பர் நாடா நெற்றியில் சிவப்புத் தடம் போடும். கிரீடம் வேண்டாம், இரண்டு விரல் அகலப் பருத்தி நாடா போதும். அதில் ஒரே ஒரு மயிலிறகு, கண் பகுதியோடு நாலங்குலம் மட்டும் வெட்டி, தண்டின் முனையை மடக்கி டேப் சுற்றிப் பின்பக்கமாகச் செருகுங்கள். முழு இறகு கண்ணில் குத்தும். கழுத்தில் மணிமாலை வேண்டாம். கையால் இழுத்து அறுத்து வாயில் போடுவதற்கு ஒரு நொடி ஆகாது.

புல்லாங்குழலை மூங்கிலில் கொடுக்காதீர்கள். பிள்ளை அதை வாயில் வைத்தபடியே முன்னால் சாய்ந்தால் அண்ணத்தில் குத்தும். பத்தங்குல நீளத்துக்குச் சார்ட் காகிதத்தைச் சுருட்டி, பருத்திச் சேலைக் கரையைச் சுற்றித் தைத்துவிடுங்கள். தங்கநிறத் தாள் ஒட்டினால் எச்சில் பட்டு நிறம் வாய்க்குள் போகும். நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் கடைசி நிமிடத்தில் இட்டு, படம் முடிந்ததும் துடையுங்கள். கண் மை வேண்டாம்.

வெண்ணெய்ப் பானைதான் எல்லோருக்கும் தகராறு. நம் ஊர் வெக்கையில் வெண்ணெய் ஐந்து நிமிடம் தாங்காது. உருகிப் பானையில் வழிந்து, உடுப்பில் எண்ணெய்க் கறையாகும். பஞ்சு வைக்கிறார்கள், அது வாய்க்குள் போய்விடும். இதற்கு அவித்த உருளைக்கிழங்கு. நடுத்தர அளவில் இரண்டு கிழங்கை நன்றாகக் குழைய அவித்து, தோலுரித்து, சூட்டோடு கட்டியில்லாமல் மசித்து, இரண்டு ஸ்பூன் பால் விட்டுப் பிசையுங்கள். பார்வைக்கு வெண்ணெய்தான், உருகாது. ஆறு மாதம் முடிந்து, ஏற்கெனவே கிழங்கும் பாலும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை நக்கினாலும் பரவாயில்லை; அதைவிடச் சிறிய பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். பானை நிறைய நிரப்ப வேண்டாம். உள்ளே ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு தட்டை வைத்து, வாயோரத்தில் மட்டும் நிரப்பினால் இரண்டு கிழங்கே மிஞ்சும். காருகுறிச்சிப் பானை ஒன்று, உருளாமல் இருக்க அடியில் ஒரு பிரிமணை, அவ்வளவுதான். உறியைத் தலைக்கு மேல் தொங்கவிடாதீர்கள். பின்னால் மூன்றடி தள்ளித் தொங்கவிட்டுத் தாழ்வாகப் படுத்து எடுத்தால் படத்தில் தலைக்கு மேல் இருப்பதாகவே தெரியும். தேன் தொட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

கோலத்துக்கு அரிசி மாவு மட்டும். வண்ணக் கோலப்பொடியும் கல்மாவும் மூச்சுக்கும் கண்ணுக்கும் ஆகாது. நாலு ஸ்பூன் பச்சரிசி மாவைத் தோசைமாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்து, முஷ்டியின் பக்கவாட்டில் தொட்டுத் தரையில் ஒற்றி, விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் கண்ணன் பாதம். சிவப்புச் சிமெண்ட் தரை இருக்கும் வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். வெள்ளை டைல்ஸில் கோலம் தெரியாது. காவி நிறச் சார்ட் காகிதம் நாலைச் சேர்த்து ஒட்டி விரியுங்கள். பாதம் காய்ந்த பிறகே குழந்தையை இறக்க வேண்டும், இல்லையென்றால் தவழ்ந்து அழித்துவிடும்.

பொங்கல் படத்துக்கு இரண்டு கரும்பு, ஒரு மஞ்சள் குலை, ஒரு பானை, ஒரு பத்தமடைப் பாய். வேறு எதுவும் வேண்டாம். கரும்புச் சோகையின் ஓரம் ரம்பம். நாலடி உயரத்துக்குக் கீழே இருக்கும் சோகையை முழுக்கச் சீவிவிட்டு, ஜன்னல் கம்பியில் குறுக்காகக் கட்டுங்கள். கரும்பின் மேல் படிந்திருக்கும் வெள்ளை மாவை ஈரத்துணியால் துடைத்தால் கருநீலமாகப் பளிச்சிடும். மஞ்சள் குலையைக் கழுவிக் காயவைத்து வையுங்கள்; ஒடிந்த இடத்தில் வரும் சாறு உடுப்பில் பட்டால் போகாது. எரியும் அடுப்பு அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஆறிய சோற்றை ஒரு கிண்ண அளவு, முன்னே சொன்ன டம்ளர் முறையில் பானை வாயில் குவித்து, ஒரு பக்கம் சற்று வழிய விட்டால் பொங்கிய பானை. பாய் வெளிர்நிறமாக இருந்தால் பிள்ளைக்கு அரக்கு அல்லது பச்சை உடுப்பு; பாயில் சிவப்பும் பச்சையும் ஓடினால் வெள்ளை. ஒரு கட்டு பனங்கிழங்கையும் ஒரு சுளகையும் (முறம்) ஓரத்தில் வைத்தால் இது நெல்லைப் பொங்கல் என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

சிறுவீட்டுப் பொங்கலை இந்தப் படக்காரர்கள் யாரும் எடுக்காதது எங்களுக்கு ஆச்சரியம். மார்கழி முழுக்க வாசலில் சாணத்தில் பூசணிப்பூ வைத்து, அதை வறட்டியாகத் தட்டிக் காயவைத்து, தையில் சின்ன வீடு கட்டிப் பொங்கலிட்டு அந்த வறட்டியை ஆற்றில் விடும் வழக்கம் நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கே உரியது. செம்மண்ணில் ஒரு சாண் உயரத்துக்கு நாலு சுவர், நடுவில் ஒரு வாசல், சுவரோரம் காவிப் பட்டை. செலவு அநேகமாக இல்லை. முதல் நாள் கட்டி ஒரு நாள் காயவிட வேண்டும். ஈரமாக இருந்தால் பிள்ளை பிடித்ததும் சரியும். உட்காரத் தெரிந்த பிள்ளையை அந்த வாசலுக்கு முன்னால் விட்டு, அம்பாசமுத்திரம் மரச் சொப்பில் கைப்பிடியைவிடப் பெரிய இரண்டை மட்டும் வையுங்கள். எங்கே பார், எப்படிச் சிரி என்று சொல்லவே வேண்டியதில்லை. விளையாடுகிற பிள்ளையைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

தீபாவளி, கார்த்திகையில் எல்லோருக்கும் விளக்கு வேண்டும். எரியும் அகலைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரு விபத்துக்கு ஒரு நொடி முந்தைய படம் என்றே நாங்கள் பார்க்கிறோம். செய்ய வேண்டியது இது. போனை முக்காலியிலோ புத்தக அடுக்கிலோ அசையாமல் நிறுத்துங்கள். குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். குழந்தையை வைத்து எடுங்கள். பிறகு குழந்தையை வேறு அறைக்குத் தூக்கிப் போய்விட்டு, போனைத் தொடாமல், விளக்கை அதே இடத்தில் ஏற்றி இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, குழந்தை இருக்கும் பகுதியை மட்டும் மேல் படத்தில் விட்டுவைக்கும் வசதி பல இலவசச் செயலிகளில் உண்டு. இரண்டு படத்துக்கும் நடுவே ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஜன்னல் வெளிச்சம் மாறி ஒட்டு தெரியும்.

இதுவும் சிரமம் என்றால் சீரியல் லைட். குழந்தையிலிருந்து ஐந்தடி பின்னால், மெல்லிய துணிக்குப் பின்புறம் தொங்கவிட்டால் ஒளி வட்டம் வட்டமாக மங்கி விழும். உடம்பில் சுற்றக் கூடாது. கரண்டும் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஒயரும் கூடாது. பொத்தான் பேட்டரியில் எரியும் சின்ன விளக்குகளை இன்னும் எச்சரிக்கையாக வையுங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும். சந்தேகம் வந்த உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இரவில் எல்இடி பல்பில் எடுக்கும்போது படத்தில் குறுக்குக் கோடுகள் விழுந்தால் போனைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் மலிவான பல்பு நொடிக்கு 100 முறை அணைந்து எரிகிறது. ப்ரோ வசதியில் 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் கோடு போய்விடும். மத்தாப்பு, புகை எதுவும் வேண்டாம். எண்ணெய்க் குளியல் முடிந்து அயர்ந்து தூங்கும் நேரம் சின்னக் குழந்தைக்கு நல்ல நேரம். நெற்றி எண்ணெயை ஒற்றித் துடைத்துவிட்டு எடுங்கள்.

கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் குத்தும். வைக்கோலின் மேல் இரண்டு மடிப்பு வேட்டி விரித்து, ஓரத்தில் மட்டும் வைக்கோல் தெரியவிடுங்கள். பனிக்குப் பஞ்சு தூவாதீர்கள், பாளையங்கோட்டையில் என்ன பனி பெய்கிறது? சிவப்புத் தொப்பி வியர்க்க வைக்கும், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காகித நட்சத்திரத்தைப் பின்னால் ஏற்றிவைத்தாலே பண்டிகை வந்துவிடும். ரம்ஜானுக்கு அட்டையில் வெட்டிய பிறை ஒன்று, கரும்பச்சைச் சேலைப் பின்னணி, வெள்ளை ஜிப்பா. வெளிச்ச அளவு பற்றி மேலே சொன்னதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தரைக் குழந்தையின் துணியில் தடவ வேண்டாம்.

பால் குடித்து, ஏப்பம் விட்டு, அரை மணி கழித்துத் தொடங்குங்கள். எல்லாவற்றையும் முதலில் அடுக்கி, குழந்தையின் இடத்தில் ஒரு தலையணையை வைத்து வெளிச்சம் பார்த்துவிட்டு, கடைசியில்தான் பிள்ளையைத் தூக்கி வரவேண்டும். மொத்தம் கால் மணி நேரம்; சிணுங்கினால் நிறுத்திவிடுங்கள். கூப்பிடுவதற்கு ஒரே ஆள், அதுவும் போனுக்கு நேர் பின்னால். தாத்தா ஒரு பக்கம், மதினி ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம் கைதட்டினால் பிள்ளை யாரைப் பார்க்கும்? எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் மெல்ல ஒரு தட்டு போதும். மூன்றாவது தட்டுக்கு அது திரும்பாது, ஆகவே முதல் தட்டிலேயே தயாராக இருங்கள்.

செலவென்று பார்த்தால் சார்ட் காகிதம், தெர்மோகோல் பலகை, துணிக் கிளிப், இரண்டு முழம் பூ, ஒரு மண்பானை, கிழங்கு. பொங்கலுக்கு மட்டும் கரும்பு. மிச்சமெல்லாம் பீரோவில் இருக்கிறது. காசு மிஞ்சினால் அச்சுப் போடுங்கள். போன் படம் 4:3 விகிதம், 6க்கு 4 அளவு அச்சு 3:2 என்பதால் அகலமாகப் பிடித்த படத்தில் மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். தலைக்கு மேல் நாலு விரல் இடம் விட்டு எடுக்காதவர்கள் மயிலிறகை இழப்பார்கள். அந்த அளவு தெளிவாக வர 1800க்கு 1200 பிக்சல் வேண்டும். எந்தப் போனும் அதற்கு மேலேயே தரும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஸ்டேட்டஸில் போடும்போது குழந்தையின் முழுப் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி தெரியும் எதையும் சேர்க்க வேண்டாம். உடுப்பில்லாத படத்தைப் போடவே வேண்டாம்.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை குழந்தைப் படங்களுக்கு அழைப்பு விடும்போது இரண்டு வாரம் முன்பே விடுங்கள். மூல அளவில், வாழ்த்து வாசகமும் ஸ்டிக்கரும் ஒட்டாமல், சற்று வெளிச்சம் கூட்டி அனுப்பும்படி கேளுங்கள். செய்தித்தாளில் மை பரவி இருட்டுப் பகுதி இன்னும் இருளும் என்பது தங்கள் அச்சகத்தாருக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாது. இன்னொன்று, எரியும் விளக்கோ மத்தாப்போ குழந்தைக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும் படங்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளியிட வேண்டாம். ஒரு படம் தாளில் வந்தால் மறு வருஷம் அதைப் பார்த்து நூறு வீட்டில் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஒளிப்படக் கலைஞரும் ஒரு செவிலியரும்,
பாளையங்கோட்டை.